முதல் ஆண்டிலேயே எங்களைக் கூப்பிடுங்கள்: பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலங்களையும் பொதுக் கட்டடங்களையும் தம் பொறுப்பில் வைத்திருக்கும் தலைமைப் பொறியாளர்களுக்கும், துறை அதிகாரிகளுக்கும், உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். நான் சிவில் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். 36 ஆண்டு வேலையில் பெரும்பகுதி, கட்டுமானங்களை உடைக்காமல் சோதிப்பதில்தான் கழிந்தது. ரீபவுண்டு சுத்தியல், மீயொலிக் கருவி, கம்பியின் மேலுள்ள கான்கிரீட் தடிமனைச் சொல்லும் கவர் மீட்டர், ரேடார் எனக் கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் என்னை அழைத்த காரணம் மட்டும் மாறவே இல்லை. விரிசல் விட்ட பிறகு அழைத்தீர்கள். தீப்பிடித்த பிறகு அழைத்தீர்கள். கான்கிரீட் கனசதுரத்தை அழுத்தி உடைத்துப் பார்க்கும் கியூப் சோதனை தோற்ற பிறகும், ஒப்பந்ததாரரோடு வழக்கு என்று ஆன பிறகும் அழைத்தீர்கள். நன்றாக இருக்கும் ஒரு புதுக் கட்டுமானத்தைக் காட்டி, "இது இன்று எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள்" என்று இத்தனை ஆண்டில் ஒருவர்தான் என்னைக் கேட்டார். அந்த ஒருவர் செய்ததை நீங்கள் எல்லோரும் செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதுவும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. பழைய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்டார்கள். சுத்தியலோடு போனேன். 1940களின் கடைசியில் சுவிஸ் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய அதே வகைச் சுத்தியல்தான். 2.2 நியூட்டன் மீட்டர் ஆற்றலோடு ஓர் எஃகு முனை கான்கிரீட்டைத் தட்டும். திரும்பி எவ்வளவு எகிறுகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். தூண்களில் நல்ல எண்கள் வந்தன. சுத்தியலின் உடம்பில் ஒட்டியிருந்த வரைகோட்டைப் பார்த்து வலிமை 27 மெகா பாஸ்கல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

என்னைவிட மூத்த சக ஆசிரியர் ஒருவர் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கோர் எடுத்தாயா?" கோர் என்றால் தூணிலிருந்து துளைத்தெடுக்கும் கான்கிரீட் உருளை. எடுக்கவில்லை. மறு வாரமே போய் மூன்று தூண்களில் கோர் எடுத்தோம். அழுத்திப் பார்த்ததில் சராசரி 18. காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலின் கரைசலைப் புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தபோது, மேற்பரப்பிலிருந்து 35 மி.மீ. வரை நிறமே வரவில்லை. அதற்கு உள்ளேதான் இளஞ்சிவப்பு தோன்றியது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றியிருக்கிறது. அதனால் தோல் இறுகியிருக்கிறது. சுத்தியலுக்குத் தெரிவது அந்தத் தோலின் மூன்று செ.மீ. மட்டும்தான். பழைய கான்கிரீட்டில் இப்படி ஒன்றரை மடங்கு வரை வலிமையைக் கூட்டிச் சொல்லிவிடும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் படித்துமிருக்கிறேன். தளத்தில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். மாடி எழும்பவில்லை. அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களின் முகங்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன.

அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். எங்கள் கருவிகள் எதுவும் வலிமையை அளப்பதில்லை. சுத்தியல் அளப்பது எகிறலை. மீயொலி அளப்பது நேரத்தை. கவர் மீட்டர் அளப்பது காந்தப்புல மாற்றத்தை. இவற்றிலிருந்து நீங்கள் கேட்கும் வலிமைக்குப் போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தை நாங்கள் ஒவ்வொரு முறையும் அனுமானங்களால் கட்டுகிறோம்.

எவ்வளவு நலிந்த பாலம் அது என்று ஒரு கணக்கால் காட்டுகிறேன். தூணின் ஒரு பக்கம் ஒலித்துடிப்பை அனுப்பும் ஒரு டிரான்ஸ்டியூசர், எதிர்ப்பக்கம் அதைப் பெறும் இன்னொன்று. இரண்டுக்கும் கிரீஸ் தடவி அழுத்திப் பிடிக்கிறோம். 54 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று உள்ளே புகுந்து மறுபக்கம் வெளிவர எடுக்கும் நேரத்தைக் கருவி காட்டுகிறது. 400 மி.மீ. தூண், நல்ல கான்கிரீட் என்றால் 91 மைக்ரோ விநாடி. அதாவது வேகம் விநாடிக்கு 4.4 கி.மீ. இப்போது அந்தத் தூணின் வலிமை 20% குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறக்குறைய வலிமையின் நான்காம் மூலத்தை ஒட்டித்தான் மாறும். ஆகவே வேகம் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும், அவ்வளவுதான். 91 என்றிருந்தது 96 ஆகும். ஐந்தே ஐந்து மைக்ரோ விநாடி. கான்கிரீட் நனைந்திருந்தாலே வேகம் கிட்டத்தட்ட அந்த அளவு கூடிவிடும். ஜல்லியின் வகை மாறினால் அதைவிட மாறும். வரைபடத்தைப் பார்த்து 400 என்று எழுதிக்கொள்கிறோம். பூச்சோடு சேர்த்து 420 இருந்தால் அதிலேயே 5% போய்விட்டது.

முப்பது ஆண்டு கழித்து, கலவை தெரியாத, ஜல்லி தெரியாத, எப்போது நனைந்தது என்று தெரியாத தூணின் முன்னால் எங்களை நிறுத்தி, "வலிமை எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். நாங்களும் ஓர் எண்ணைச் சொல்கிறோம். அளவுத்திருத்தம் செய்யாத சுத்தியல் எண்ணிலிருந்து சொல்லும் வலிமையில் கூட்டியோ குறைத்தோ 25% பிழை இருக்கலாம் என்று அறிக்கையின் அடியில் எழுதுகிறோம். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

இதே அளவீட்டில் ஓர் அதிசயமும் இருக்கிறது. அதே தூணில், அதே இடத்தில், முதல் ஆண்டில் எடுத்த 91 என்ற எண் கையில் இருந்தால் எல்லாம் தலைகீழாக மாறிவிடும். ஜல்லி அதேதான். கலவை அதேதான். பாதை நீளமும் மாறவில்லை. ஈரத்தை மட்டும் கவனித்தால் போதும். அந்த ஐந்து மைக்ரோ விநாடி திடீரென்று பேசத் தொடங்கும். எந்தப் பாலமும் கட்டாமல், இந்த இடம் அன்றிருந்தது போல் இன்று இல்லை என்று நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

என்னைக் கேட்ட அந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சிறிய பாலம் ஒன்றின் இளம் உதவிப் பொறியாளர் அவர். பாலம் திறப்பதற்கு முன் என்னிடம் வந்து, "சார், இதில் குறை எதுவும் இல்லை. ஆனால் பின்னாளில் யாராவது கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்" என்றார். மேலிடத்தில் அவருக்கு அனுமதி கிடைத்ததே பெரிய விஷயம். கான்கிரீட் வார்த்த 28-ஆம் நாளில் ஒரு முறை, ஓராண்டு முடிந்ததும் ஒரு முறை என்று உத்திரங்களில் 40 இடங்களை அளந்தோம். புள்ளிகளை வரைபடத்தில் குறித்தோம். அன்றைய வெப்பநிலை, கான்கிரீட்டின் ஈரநிலை, டிரான்ஸ்டியூசரின் அதிர்வெண் எல்லாவற்றையும் எழுதினோம். மாணவர்கள் இருவருக்கு இரண்டு நாள் வேலை.

பதினொரு ஆண்டு கழித்து அந்தப் பாலத்தின் அடியில் ஒரு லாரி எரிந்தது. நான் போனபோது மூன்று உத்திரங்கள் கரி அப்பி நின்றன. பாலத்தை முழுதாக இடிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. சுண்ணாம்பு அடித்துத் திறந்துவிடலாம் என்று இன்னொரு தரப்பு. நாங்கள் பழைய வரைபடத்தை விரித்து அதே 40 புள்ளிகளில் மீண்டும் அளந்தோம். இரண்டு உத்திரங்களில் வேகம் 4.5-இலிருந்து 3.2 வரை இறங்கியிருந்தது. அங்கே உளியால் கொத்திப் பார்த்தபோது கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. சிலிக்கா ஜல்லி உள்ள கான்கிரீட் 300 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அப்படித்தான் ஆகும். மூன்றாவது உத்திரம்தான் பார்வைக்கு மிகக் கறுப்பு. அதில் ஓர் எண்கூட மாறவில்லை. கழுவினால் போய்விடும் கரி அது. மூன்று உத்திரத்திலும் கோர் எடுத்து உறுதி செய்தோம். இரண்டை மட்டும் பலப்படுத்தினார்கள். எந்தப் பக்கமும் வாக்குவாதம் தொடரவில்லை, ஏனென்றால் யாருடைய அனுமானமும் அங்கே தேவைப்படவில்லை.

அந்தப் பொறியாளர் அதற்குள் வேறு பணிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்குக் கடிதம் எழுதி எண்களை அனுப்பினேன். என் வேலை வாழ்வில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த அறிக்கை அதுதான்.

உடைக்காமல் சோதிக்கும் இந்தத் துறையே பல மரணங்களுக்குப் பிறகு வேகம் பிடித்தது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. 1973-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயர்ந்த கட்டடம் சரிந்து 14 பேர் இறந்தார்கள். 1978 ஏப்ரல் 27 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றில், முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சாரம் பிய்ந்து 51 தொழிலாளர்கள் விழுந்து இறந்தார்கள். அந்தக் கான்கிரீட் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு இன்னும் இறுகவில்லை. இரண்டையும் ஆராய்ந்த அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம், தளத்தில் இருக்கும் கான்கிரீட் இந்த நேரத்தில் எவ்வளவு வலிமை பெற்றிருக்கிறது என்று கண்டறியும் வழிகளைத் தீவிரமாகத் தேடியது. கான்கிரீட்டின் வெப்பநிலையையும் வயதையும் சேர்த்துக் கணக்கிடும் முதிர்வு முறை 1987-இல் அமெரிக்கத் தரநிலையானது. அதே நிறுவனத்தில் 1980களில் நிக்கோலஸ் கரீனோவும் மேரி சான்சலோனும் தாக்க எதிரொலி முறையை வளர்த்தெடுத்தார்கள்: ஒரு சிறிய எஃகு குண்டால் தட்டுகிறோம்; அலையின் வேகம் விநாடிக்கு 4 கி.மீ. உள்ள கான்கிரீட் 9.6 கிலோஹெர்ட்ஸில் எதிரொலித்தால் தளத்தின் தடிமன் 20 செ.மீ.; அதிர்வெண் அதைவிட மிக உயர்ந்தால் நடுவில் எங்கோ பிளவு. வகுப்பில் இதைச் செய்து காட்டும்போதெல்லாம், 51 பேரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் குண்டை மாணவர்கள் கையில் கொடுப்பேன்.

அந்த 51 பேருக்குப் பிறகும் நாம் முன்கூட்டி அளக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் எங்கள் கருவிகளால் உள்ளே பார்க்கவே முடியாது. வேல்ஸில் இனிஸ்-இ-குவாஸ் பாலம் 1985 டிசம்பர் 4 அன்று வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் விழுந்தது; கான்கிரீட் துண்டுகளைக் கோத்து இழுத்த உள் எஃகு வடங்கள் இணைப்புகளில் துருப்பிடித்து அறுந்திருந்தன. அதன் பிறகு பிரிட்டனில் வடங்களைச் சுற்றிக் கிரவுட் என்னும் சிமெண்டுக் குழம்பு நிரப்பிய உள்வடப் பாலங்களைப் புதிதாகக் கட்ட 1992 முதல் 1996 வரை தடை இருந்தது. இத்தாலியின் ஜெனோவா நகரப் பாலத்தின் தாங்கு வடங்கள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தன. 11-ஆம் தூணின் வடங்களில் அரிப்பைக் கண்டு 1990களின் தொடக்கத்தில் வெளியே புது வடங்கள் சேர்த்தார்கள். 2018 ஆகஸ்ட் 14 அன்று விழுந்தது 9-ஆம் தூண். 43 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. மிஞ்சிய பகுதிகளில் ஒலி உமிழ்வு உணரிகளைப் பொருத்தி, கம்பிகள் அறுகின்றனவா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த உணரிகள், அவை பொருத்தப்பட்ட நாளிலிருந்து அறுபடும் கம்பிகளை மட்டுமே சொல்லும். அதற்கு முன் எத்தனை அறுந்தன என்பதை அவற்றிடம் கேட்க முடியாது. இங்கேயும் முதல் நாள் பதிவு இல்லாததுதான் வலி.

இப்போது உங்களிடம் கேட்பவை.

கட்டுமானத்தை ஒப்படைக்கும் ஒப்பந்தத்திலேயே 28-ஆம் நாள் அளவீட்டையும் ஓராண்டு அளவீட்டையும் சேருங்கள். முதலாம் ஆண்டில் கான்கிரீட் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். ஆகவே ஒன்று மட்டும் போதாது. கவர் மீட்டரால் கம்பியின் மேலுள்ள கான்கிரீட் தடிமனைக் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள். 40 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால் பத்துதானே குறைவு என்று விட்டுவிடுகிறோம். கார்பனேற்றம் உள்ளே போக எடுக்கும் காலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. கம்பியை அடையும் காலம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பாலத்தின் ஆயுளில் பாதியை அந்தப் பத்து மி.மீ. தின்கிறது. வார்ப்பதற்கு முன்னால் கம்பிக் கூட்டோடு இணைத்த ஒரு மின்முனையை வெளியே விட்டு வையுங்கள், ஒரு சிறிய பெட்டிக்குள். பின்னாளில் துரு இருக்கிறதா என்று மின்னழுத்தம் அளக்க வருபவர் உளியால் கொத்தாமல் வேலையை முடிப்பார். தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையில் எதிர்ம 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மமாகப் போனால் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். அதைவிட முக்கியம், அந்த இடம் ஐந்தாண்டுக்கு முன் எவ்வளவு காட்டியது என்பது.

டெண்டர் எழுதுபவர்களிடம் ஒன்று. "60 இடங்களில் சோதித்து வலிமை தருக" என்று எழுதாதீர்கள். எந்த 60 இடம் என்பதைச் சோதிப்பவர் தேர்ந்தெடுக்கட்டும். இன்று நடப்பது என்ன? கை எட்டும் உயரத்தில், நெஞ்சு மட்டத்தில், வழுவழுப்பான இடத்தில் சுத்தியலால் தட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கான்கிரீட் பலவீனமாக இருப்பதோ தூணின் உச்சியில், நீர் மேலேறி நின்ற இடத்தில். தேன்கூடு போன்ற ஓட்டைகள் விழுவது தூணின் அடியிலும், கம்பி நெருங்கிய உத்திர இணைப்பிலும். ஏணிக்கும் சாரத்துக்கும் பணம் தர வேண்டியிருக்கும். தாருங்கள். கோருக்கும் தாருங்கள். கோர் இல்லாத சுத்தியல் அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்லி எங்கள் மாணவர்களை நெருக்காதீர்கள். முடியாது என்று சொன்ன என் மாணவர்கள் சிலர் வேலையை இழந்திருக்கிறார்கள். அது என்னால் மறக்க முடியாத வருத்தம்.

அறிக்கைகளைப் பூட்டி வைப்பது அடுத்தது. அமெரிக்காவின் மினியாபொலிசில் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்த பாலத்தில் 13 பேர் இறந்தார்கள். காரணம் வடிவமைப்பிலேயே தேவைக்குப் பாதி தடிமனில் இருந்த இணைப்புத் தகடுகள். அந்தத் தகடுகள் வளைந்திருப்பது 2003-இல் எடுத்த புகைப்படங்களில் தெரிந்தது. புகைப்படம் கோப்பில் இருந்தது. வளைவைக் கண்டு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டிய கண்கள் அதன் மீது படவில்லை. உங்கள் அலமாரிகளில் என் அறிக்கைகளே எத்தனை கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவற்றைப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்து விடுங்கள். கட்டுமானத்தின் பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்தாலும் போதும். கோரும் மீயொலியும் ஒன்றாக எடுத்த ஒவ்வொரு இடமும் அடுத்த தலைமுறைக்கு ஒரு பாடம். அனுமானத்தால் கட்டிய அந்தப் பாலத்தை உறுதியாக்க வேறு வழி எதுவும் இல்லை.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். எங்கள் மாணவர்கள் நான்கு ஆண்டில் ஆயிரம் உத்திரங்களை வடிவமைக்கிறார்கள். முப்பது ஆண்டுப் பழைய உத்திரம் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஒரு பருவத்தில் ஒரு நாளாவது அவர்களைச் சாரத்தில் ஏற்றுங்கள். கான்கிரீட் தளத்தைத் தட்டிப் பார்த்து வெற்று ஒலியை அவர்கள் காது கேட்கட்டும்.

என் குறிப்பேடுகள் 41 இருக்கின்றன. உரிமையாளர்கள் சம்மதித்தால் அனைத்தையும் ஒரு பொது நூலகத்துக்குத் தர விரும்புகிறேன். அவற்றில் முதல் ஆண்டுப் பதிவு உள்ளது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு இரண்டாவது சேர வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. கருவிகள் என்னிடம் இருக்கின்றன. உடம்பிலும் இன்னும் தெம்பு இருக்கிறது. கூட வர மாணவர்கள் தயார். உங்கள் அடுத்த பாலம் எந்த நாளில் வார்க்கப்படுகிறது என்று எழுதுங்கள். 28-ஆம் நாள் காலையில் நாங்கள் அங்கே நிற்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சிவில் பொறியியல் பேராசிரியர்